முதலில் டயர், அப்புறம் பிளேடு

கேள்வி: என்னிடம் 35 குதிரைத்திறன் உள்ள பழைய டிராக்டர் இருக்கிறது. பின் சக்கரம் மட்டும் இழுக்கும் வகை, பின் டயர் 13.6-28. இரண்டு டயரிலும் பக்கச்சுவரில் வெடிப்பு விழுந்துவிட்டது. வலது டயரில் வாரத்துக்கு ஒரு முறை காற்று இறங்குகிறது. டிராக்டருக்குப் பின்னால் மாட்டிப் பாதை மண்ணைச் சீவிச் சமமாக்க, ஏழடி அகலமுள்ள பழைய பின் பிளேடு ஒன்று வாங்கியிருக்கிறேன், எடை சுமார் 220 கிலோ. அதன் கீழே உள்ள இரண்டு இணைப்புப் பின்கள் 28 மி.மீ. தடிமன், என் டிராக்டரின் லோயர் லிங்க் (கருவியைத் தாங்கும் கீழ்க் கைகள்) நுனியில் இருக்கும் துளையுள்ள உருண்டையில், அதாவது பாலில், நுழையவில்லை. இரவல் பின் போட்டு ஒரு முறை இழுத்துப் பார்த்தேன், பாதை முழுக்க அலை அலையாகிவிட்டது. பிளேடை ஆறடியாக வெட்டிவிடச் சொல்கிறார்கள். டயரை நானே மாற்றலாமா? இப்போதைக்கு வலது டயரை மட்டும் மாற்றினால் போதுமா? எதை முதலில் செய்வது?

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

டயர்தான் முதலில், அதுவும் இரண்டையும் சேர்த்தே. காரணத்தைக் கணக்காகவே சொல்லிவிடுகிறேன். புது டயரின் பட்டன் (மண்ணைப் பிடிக்கும் ரப்பர் மேடு) உயரமும் தேய்ந்த டயரின் பட்டன் உயரமும் எளிதில் 30 மி.மீ. வித்தியாசப்படும். வலப்பக்கம் மட்டும் புது டயர் போட்டால் டிராக்டர் இடப்பக்கம் சாயும். இரு பின் சக்கரங்களின் நடுவுக்கு நடு 1,320 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், அந்த 30 மி.மீ. சாய்வு ஏழடி பிளேடின் இரு முனைகளுக்கு இடையே 48 மி.மீ. வித்தியாசமாக விரியும். ஒரு முனை மண்ணைத் தோண்டும்போது மறுமுனை அந்தரத்தில் நிற்கும். லோயர் லிங்க்கைத் தூக்கிப் பிடிக்கும் லிஃப்ட் ராடைத் திருகி இதைச் சரிக்கட்டலாம். ஆனால் மறு டயரை மாற்றும் நாளில் எல்லா அளவையும் திரும்ப வைக்க வேண்டிவரும். சுற்றளவு ஒன்றாக இல்லாத இரண்டு டயர்களோடு நேராக ஓடினாலும் இரு பின் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரென்ஷியலின் பற்கள் ஓயாமல் சுழன்று தேயும்.

வாங்கும்போது டயரோடு ரிம்மையும் பாருங்கள். 13.6-28 டயருக்கு டபிள்யூ 11 அல்லது டபிள்யூ 12 அகல ரிம் பொருந்தும். எழுத்து ரிம்மிலேயே குத்தப்பட்டிருக்கும், கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்தால் தெரியும். பழைய டயரில் 11-28 என்று இருந்தால் அது இன்றைய 12.4-28. 13.6 அதைவிட ஒரு படி பெரியது, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ரேடியல் டயர் வாங்கினால் 340/85ஆர்28 என்பது உங்கள் அளவுக்கு இணை. ஆனால் ஒரு பக்கம் ரேடியலும் மறுபக்கம் சாதா டயரும் போடக்கூடாது. டியூப்பைப் புதிதாகவே வாங்குங்கள். பழைய டியூப் உப்பி நீண்டிருக்கும், புது டயருக்குள் மடிந்து அந்த மடிப்பிலேயே கிழியும். எடை கூட்டி வழுக்கலைக் குறைக்க டயருக்குள் தண்ணீர் நிரப்பும் எண்ணம் இருந்தால் காற்று, தண்ணீர் இரண்டுக்கும் ஆன டி.ஆர். 218ஏ வால்வு உள்ள டியூப்பைக் கேளுங்கள்.

சக்கரத்தைக் கழற்றும் வேலையில் பலர் விடுவது ஒன்று உண்டு. பழைய டிராக்டரின் முன் அச்சு நடுவில் ஒரு பின்னில் ஊசலாடும். பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கினால் வண்டி அந்த ஒற்றைப் பின்னின் மேல் பக்கவாட்டில் சரியப் பார்க்கும். ஆகவே தூக்கும் முன் முன் அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவில் இருபுறமும் மர ஆப்பு அடித்து ஊசலாட்டத்தைக் கட்டுங்கள். தரை சமமாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும். முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். டயர் தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளை அரைச் சுற்று இளக்கிக்கொள்ளுங்கள். ஜாக்கியை அச்சுக் குழலுக்கு அடியில் வைத்து, டயர் தரையை விட்டு ஒரு விரலளவு எழும்பியதும் நிறுத்தி, பாரம் தாங்கும் ஸ்டாண்டில் இறக்குங்கள். ஜாக்கியை நம்பி ஒரு நொடிகூட அடியில் கை வைக்க வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் தூக்குங்கள்.

பழைய டயருக்குள் தண்ணீர் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். வால்வை மேலே கொண்டுவந்து கொஞ்சம் காற்றை விட்டுப் பாருங்கள். பிறகு சக்கரத்தைச் சுற்றி வால்வைக் கீழே கொண்டுவந்து அழுத்தினால் நீர் வரும். 13.6-28 டயரில் முக்கால் பாகம் நீர் என்றால் ஏறத்தாழ 200 லிட்டர், அதாவது 200 கிலோ. வெறும் சக்கரமே நூறு கிலோவுக்கு மேல். இவ்வளவும் சரிந்து ஆள் மேல் விழுந்தால் ஒருவராலும் தூக்கி எடுக்க முடியாது. முழுக்க வடித்துவிட்டு, இரண்டு பேராகக் கழற்றுங்கள். சக்கரம் சாயக்கூடிய பக்கத்தில் யாரும் நிற்கக்கூடாது.

கழற்றிய சக்கரத்தைப் படுக்க வைத்து வால்வின் உள்கோரை (உள்ளே திருகியிருக்கும் சிறு ஊசியை) எடுங்கள். சீறல் நின்ற பிறகும் மெல்லிய கம்பியை உள்ளே விட்டு, துரு அடைத்துக் காற்று உள்ளேயே நிற்கவில்லை என்று உறுதி செய்யுங்கள். டயரின் கம்பி விளிம்பு ரிம்மோடு ஒட்டிக்கிடக்கும். சோப்புக் கரைசலைச் சுற்றிலும் ஊற்றி ஊறவிட்டு, விளிம்பைத் தள்ளும் கருவியாலோ, அகலமான ஆப்பும் சம்மட்டியும் கொண்டோ கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிவந்து இறக்குங்கள். ஒரே இடத்தில் அடித்தால் விளிம்புக் கம்பி மடங்கும். இனித் தூக்கி எறியப்போகும் டயர்தானே என்றாலும், ரிம்மும் சேர்ந்து அடி வாங்கும். தீ காட்டுவது, ரிம்மை வெல்டு வைப்பது எதுவும் டயர் மாட்டியிருக்கும்போது கூடவே கூடாது, காற்று இல்லாவிட்டாலும். சூட்டில் ரப்பர் வெந்து வெளியாகும் வாயு உள்ளே தீப்பிடித்து டயரை வெடிக்க வைக்கும். ஆள் சாகும் விபத்து இது.

உங்கள் வலது டயரில் வாரா வாரம் காற்று இறங்குவதற்கு ரிம்மே காரணமாக இருக்கலாம். கால்சியம் குளோரைடு கலந்த நீர் ஒரு காலத்தில் உள்ளே இருந்திருந்தால், வால்வுத் துளையைச் சுற்றித்தான் துரு தின்றிருக்கும். துருச் செதில் டியூப்பை அரைக்கும். உட்புறம் முழுக்கக் கம்பி பிரஷ் போட்டு, துளை ஓரங்களை அரம் கொண்டு மழித்து, துருத்தடுப்புப் பூச்சு அடித்து நன்றாகக் காயவிடுங்கள். கை விரலால் சுற்றிலும் தடவிப் பார்க்கும்போது எங்கும் குத்தக்கூடாது. சுத்தியால் தட்டும்போது துரு உதிர்ந்து துளை விழுந்தாலோ, விளிம்பில் விரிசல் இருந்தாலோ அந்த ரிம் வேண்டாம்.

இனி மாட்டும் வேலை. ரிம்மின் நடுப்பள்ளம் பெரும்பாலும் சரி நடுவில் இருக்காது, ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். பள்ளத்துக்கும் ரிம் ஓரத்துக்கும் இடைப்பட்ட மேடை எந்தப் பக்கம் குறுகலோ அந்தப் பக்கம் மேலே வரும்படி ரிம்மை வையுங்கள். இதைத் தலைகீழாக வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுபவர்கள்தான் கடப்பாரையால் விளிம்பைக் கிழிக்கிறார்கள். கம்பி விளிம்புக்கும் ரிம்முக்கும் சோப்புக் கரைசல் தாராளமாகப் பூசுங்கள். கிரீஸ், எஞ்சின் ஆயில், டீசல் எதுவும் வேண்டாம். அவை ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும், ஓடும்போது ரிம்மின் மேல் டயர் வழுக்கிச் சுற்றி வால்வைப் பிடுங்கும். கீழ் விளிம்பு ஏறியதும் டயரின் உட்புறத்தைத் துடைத்து, டியூப்பை வடிவம் வரும் அளவுக்கு மட்டும் காற்றடித்து உள்ளே விட்டு, வால்வைத் துளையில் நுழைத்து நட்டை இரண்டு சுற்று மட்டும் போடுங்கள். மேல் விளிம்பை வால்வுக்கு நேர் எதிர்ப்பக்கம் தொடங்கி இருபுறமும் சமமாக வந்து வால்வு அருகில் முடியுங்கள். கடைசியாக ஏறும் இடத்துக்கு எதிரே இருக்கும் விளிம்பு நடுப்பள்ளத்தில் கிடந்தால்தான் மறுபக்கம் தளர்ச்சி கிடைக்கும். வால்வு இருக்கும் இடத்தில் டியூப் குறுக்கே நிற்பதால் விளிம்பு பள்ளத்தில் இறங்காது. லிவரை ஒரு தடவைக்கு நான்கு விரல் தூரத்துக்கு மேல் எட்டிப் போடாதீர்கள். ஒவ்வொரு முறையும் லிவர் நுனி டியூப்பைக் கடிக்கிறதா என்று பாருங்கள். முடிந்ததும் வால்வை உள்ளே அழுத்தித் தள்ளி, விளிம்புக்கு அடியில் டியூப் சிக்கவில்லை என்று உறுதி செய்யுங்கள்.

காற்றடிப்பதை மட்டும் நீங்களே செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. டயர் கடையில் பாதுகாப்புக் கூண்டு இருந்தால் அதற்குள் வைத்து அடிக்கச் சொல்லுங்கள். வேறு வழியே இல்லாமல் நீங்கள் அடிப்பதானால், வால்வில் தானே கவ்விக்கொள்ளும் முனையும் நீண்ட குழாயும் வைத்து, பக்கச்சுவருக்கு எதிரே நிற்காமல் பட்டன் பக்கமாகத் தள்ளி நின்று அடியுங்கள். விளிம்பு உட்கார 35 பி.எஸ்.ஐ.தான் உச்சம். அதற்கு மேல் ஒரு புள்ளிகூட ஏற்றக்கூடாது. 28 அங்குல வட்டப் பரப்பின் மேல் 35 பி.எஸ்.ஐ. என்றால் அந்த விசை ஏறத்தாழ 9,800 கிலோ எடைக்குச் சமம். விளிம்புக் கம்பி அறுந்தால் இவ்வளவும் ஒரே கணத்தில் வெளியே வரும். பக்கச்சுவரில் விளிம்பை ஒட்டி ஒரு வட்டக்கோடு இருக்கும். அது ரிம்மிலிருந்து சுற்றிலும் ஒரே தூரத்தில் தெரிந்தால் டயர் சரியாக உட்கார்ந்திருக்கிறது. ஒரு பக்கம் அமுங்கிக் கிடந்தால், காற்றை முழுக்க இறக்கி, திரும்பச் சோப்புப் பூசி, மறுபடி அடியுங்கள். உட்கார்ந்த பிறகும் ஒரு முறை உள்கோரைக் கழற்றிக் காற்றை முழுக்க விட்டுவிட்டு மீண்டும் அடிக்க வேண்டும். டியூப்பில் இருக்கும் மடிப்பும் இழுப்பும் அப்போதுதான் நேராகும். வேலைக் காற்று 12 முதல் 16 பி.எஸ்.ஐ. போதும். எவ்வளவு வைத்தாலும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கட்டும்.

சக்கரத்தை வண்டியில் ஏற்றும்போது திசையைப் பாருங்கள். டிராக்டருக்குப் பின்னால் நின்று பார்த்தால் பட்டன்களின் கூம்பு மேல் நோக்கி இருக்க வேண்டும். பக்கச்சுவரில் அம்புக்குறியும் இருக்கும். அகலம் கூட்டவோ குறைக்கவோ டிஸ்க்கை (சக்கரத்தின் நடுத் தகட்டை) திருப்பி மாட்டினால் திசையும் திரும்பிவிடும், அப்போது இடது சக்கரத்தை வலப்பக்கமும் வலதை இடப்பக்கமும் மாற்றிப் போட வேண்டிவரும். நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி முறுக்குங்கள். ரிம்மையும் டிஸ்க்கையும் இணைக்கும் போல்ட்டுகளையும் விட்டுவிடாதீர்கள். ஒரு மணி நேரம் ஓட்டியதும் ஒரு முறை, பத்து மணி நேரம் ஆனதும் இன்னொரு முறை முறுக்கிப் பாருங்கள். புது வண்ணப் பூச்சு நசுங்கியே நட்டு இளகும்.

தண்ணீர் நிரப்புவதானால் சக்கரம் வண்டியில் ஏறிய பிறகு, வால்வை உச்சிக்குக் கொண்டுவந்து நிரப்புங்கள். நீர்மட்டம் வால்வு வரை வந்தால் முக்கால் பாகம். ஆனால் பிளேடு வேலையைத் தொடங்கும்போதே நிரப்பச் சொல்ல மாட்டேன். பழைய கியர்பாக்ஸுக்குச் சக்கரம் வழுக்குவதுதான் காப்பு. முதலில் நீர் இல்லாமல் ஓட்டிப் பாருங்கள், அளவான மண்ணுக்கே சக்கரம் வீணாகச் சுற்றினால் நிரப்பிக்கொள்ளலாம்.

பிளேடுக்கு வருவோம். கீழ்ப் பின் 28 மி.மீ., மேலே துளை 25 மி.மீ. என்றால் அது இரண்டாம் வகை இணைப்பு. உங்கள் டிராக்டர் முதல் வகை, அதாவது கீழே 22 மி.மீ., மேலே 19 மி.மீ. பின்னைக் கடைந்து சிறிதாக்கவோ, பாலைக் குடைந்து பெரிதாக்கவோ வேண்டாம், இரண்டும் பலத்தைக் குறைக்கும். பிளேடு சட்டத்தில் இருக்கும் கீழ்ப் பின்கள் நட்டுப் போட்டு மாட்டியவைதான். அவற்றைக் கழற்றி 22 மி.மீ. பின் போடுங்கள், சட்டத்தின் துளை பெரிதாக இருந்தால் புஷ்ஷோடு. மேல் துளைக்கு உள்ளே 19, வெளியே 25 மி.மீ. உள்ள புஷ் ஒன்று போதும். அகலமும் மாறும். இரண்டாம் வகையில் லிங்க்குகளின் இடைவெளி 825 மி.மீ., முதல் வகையில் 683 மி.மீ. பின்களை வெளிநோக்கிப் போடாமல் சட்டத்தின் உட்புறம் திரும்பும்படி மாட்டினால் பெரும்பாலும் இந்த இடைவெளி சரியாக வந்துவிடும். உங்கள் இரவல் பின் எவ்வளவு ஆடியது என்று எழுதவில்லை. பாலில் பின் லொடலொடத்தால் அதுவே அலைக்குப் பாதிக் காரணம்.

பிளேடை வெட்டாதீர்கள். 1,320 மி.மீ. நடு அகலத்தோடு 13.6 அங்குல டயரைச் சேர்த்தால் பின் சக்கரங்களின் வெளி அகலம் 1,665 மி.மீ. ஏழடி பிளேடு 2,134 மி.மீ. அதை 30 டிகிரி திருப்பினால் 1,848 மி.மீ. அகலத்தைச் சீவும், சக்கரத் தடம் முழுக்க மறையும். ஆறடி பிளேடை அதே கோணத்தில் திருப்பினால் 1,584 மி.மீ.தான், சக்கரத் தடம் ஓரத்தில் மிஞ்சி நிற்கும். ஏழடியிலும் 45 டிகிரி போனால் 1,509 மி.மீ.தான், அந்தக் கோணத்தை வாய்க்கால் எடுக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 35 குதிரைத்திறனுக்கு ஏழடி கொஞ்சம் அதிகம்தான், ஆனால் அதைக் குறைக்க வேண்டியது ஆழத்தில். ஒரு தடவைக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் மட்டும் சீவி, இரண்டு தடவை போங்கள்.

முன்பாரத்தையும் கணக்குப் பாருங்கள். பிளேடின் எடை மையம் பின் அச்சிலிருந்து 1.5 மீட்டர் பின்னால், இரு அச்சுகளுக்கிடையே 1.85 மீட்டர் என்றால், 220 கிலோ பிளேடைத் தூக்கியதும் முன் சக்கரங்களிலிருந்து 178 கிலோ குறையும். வண்டி 1,600 கிலோ, முன்னால் 600 கிலோ என்றால் மிஞ்சுவது 422 கிலோ. வண்டி எடையில் ஐந்தில் ஒரு பங்காவது, அதாவது 320 கிலோ, முன்னால் இருந்தால் ஸ்டியரிங் கேட்கும். உங்களுக்குச் சமதரையில் போதும், மேட்டில் ஏறும்போது பிளேடைத் தாழ்த்திப் பிடியுங்கள். பின் டயரில் நிரப்பும் நீர் இதற்கு உதவாது, அதன் எடை பின் அச்சுக்கு நேராகவே விழுகிறது.

மாட்டும் வரிசை இது: பின்னோக்கி வந்து முதலில் இடது லிங்க், பிறகு வலது. உயரம் திருகும் வசதி வலது லிஃப்ட் ராடில் இருப்பதால், ஆட்டம் கொடுத்துப் பொருத்த அதுதான் எளிது. கடைசியில் டாப் லிங்க், அதாவது மேலே நடுவில் மாட்டும் திருகு கம்பி. எல்லாப் பின்னிலும் லிஞ்ச் பின் (வளையம் உள்ள பூட்டு ஊசி) போடுங்கள், ஆணியைச் செருகி ஒப்பேற்ற வேண்டாம். லோயர் லிங்க் பக்கவாட்டில் ஆடாமல் கட்டும் செக் செயின்களை, பிளேடு தரையில் இருக்கும்போது பக்கவாட்டில் ஒரு விரல் ஆட்டம் மட்டும் இருக்கும்படி முறுக்குங்கள். பிறகு மெல்ல முழு உயரத்துக்குத் தூக்கிப் பாருங்கள். சில வண்டிகளில் உயரம் கூடக் கூட செயின் இறுகும். அப்படி இறுகினால் கொஞ்சம் இளக்குங்கள், இல்லையேல் கொக்கி அறும். அதே நேரம் பிளேடை 30 டிகிரி திருப்பி, முன் முனைக்கும் புது டயருக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளியாவது இருக்கிறதா என்று பாருங்கள். முனை பாதி நீளத்தின் கணக்கில் 533 மி.மீ. முன்னே வரும். பி.டி.ஓ. தண்டு (கருவிகளைச் சுழற்ற எஞ்சின் விசை தரும் பின்புறத் தண்டு) நிறுத்தப்பட்டு, மூடி போட்டிருக்க வேண்டும். சமதரையில் பிளேடை இறக்கி, வலது லிஃப்ட் ராடைத் திருகி இரு முனையும் ஒன்றாகத் தரையைத் தொடச் செய்யுங்கள்.

அலைக்கு இரண்டு காரணங்கள் உண்டு, இரண்டும் உங்களிடம் சேர்ந்திருக்கலாம். முதலாவது ஹைட்ராலிக் லீவர். பழைய டிராக்டர்களில் இழுவையை உணரும் டிராஃப்ட் முறை உண்டு. மண் இறுகினால் டாப் லிங்க் அழுந்தி, லிஃப்ட் தானே கொஞ்சம் தூக்கும், இளகினால் இறக்கும். கலப்பைக்கு அது வரம், பிளேடுக்கு அதுவே அலை. கருவியை வைத்த உயரத்திலேயே நிறுத்தும் பொசிஷன் லீவர் தனியாக இருந்தால் அதை மட்டும் பயன்படுத்தி, டிராஃப்ட் லீவரை உங்கள் வண்டிக் கையேடு சொல்லும் இடத்தில் நிறுத்துங்கள். 1946 முதல் 1956 வரை வந்த பெர்குசன் டி.இ.20 போன்ற வண்டிகளில் பொசிஷன் முறையே கிடையாது. அவற்றில் டாப் லிங்க் பின்னிலிருந்து லோயர் லிங்க்குக்குச் செயின் கட்டி, இறங்கும் எல்லையை நிறுத்துவார்கள். அல்லது பிளேடுக்குப் பின்னால் சிறு சக்கரமோ, அடியில் சறுக்குக் காலணியோ வைப்பார்கள். தூக்கிய பிளேடு சில நொடிக்கு ஒரு முறை தலையாட்டினால் அது சிலிண்டர் சீலோ வால்வோ கசிவது, அதைச் சரிசெய்யாமல் சமமான வேலை கிடைக்காது.

இரண்டாவது காரணம் வண்டியின் அமைப்பு. முன் சக்கரம் 50 மி.மீ. பள்ளத்தில் இறங்கினால், அச்சுக்குப் பின்னால் நீட்டியிருக்கும் பிளேடு 40 மி.மீ. மேலே எழும். அந்த இடத்தில் மேடு நிற்கும். அடுத்த தடவை முன் சக்கரம் அந்த மேட்டில் ஏறும், பிளேடு தோண்டும். இப்படியே அலை வளரும். லீவரைப் பிடித்து விரட்டினால் இன்னும் கூடும், கை எப்போதும் ஒரு நொடி தாமதம்தான். பிளேடை 20 முதல் 30 டிகிரி திருப்புங்கள். தாழ்ந்த கியரில் நடக்கும் வேகத்தில் போங்கள். ஏற்கெனவே விழுந்த அலையைக் குறுக்கே சாய்வாகச் சீவுங்கள், அதே தடத்தில் திரும்பத் திரும்பப் போகாதீர்கள்.

டாப் லிங்க்கைப் பற்றி ஆளுக்கொன்று சொல்வார்கள், நீங்கள் கத்தி முனையையே பாருங்கள். டாப் லிங்க்கை நீட்டினால் பிளேடின் தலை பின்னால் சாய்ந்து, கத்தி முனை உளிபோல் முன்னே நீளும். மண்ணை அதிகம் பிடிக்கும். சுருக்கினால் தலை முன்னே வந்து முனை பின்வாங்கும், மேலோட்டமாக இழுத்துப் பரப்பும். பிளேடைத் திருப்பியிருக்கும்போது சுருக்கினால் இன்னொன்றும் நடக்கும். முன்னே நிற்கும் முனை தாழும், பின்னே நிற்கும் முனை உயரும். ஓரத்தில் சிறு வாய்க்கால் எடுக்க இதுவே போதும். ஒரு தடவைக்கு இரண்டு சுற்றுக்கு மேல் திருகாமல், பத்து மீட்டர் ஓட்டிப் பார்த்துத் திருகுங்கள்.

பின்னோக்கித் தள்ளும் ஆசை எல்லோருக்கும் வரும். பிளேடை முன்பின்னாக முழுதாகத் திருப்பி, இளகிக் கிடக்கும் மண்ணை மட்டும் தள்ளலாம். கெட்டி மேட்டையோ வேர்க்கட்டையையோ பின்னோக்கி இடித்தால் லோயர் லிங்க் வளையும். முதல் நாளே கத்திப் பட்டையின் போல்ட்டுகளைப் பாருங்கள். பட்டை ஒரு பக்கம் தேய்ந்திருந்தால் பெரும்பாலானவற்றைக் கழற்றிப் புரட்டி மாட்டலாம். பட்டை தேய்ந்து போல்ட் தலை மண்ணில் உரசத் தொடங்கும் முன் மாற்றிவிடுங்கள், அதற்கு மேல் போனால் பிளேடின் தாய்த் தகடே தேயும். நடுச் சுழல் பின்னுக்கும் கோணப் பின்னுக்கும் கிரீஸ் அடியுங்கள். வேலை முடிந்ததும் பிளேடைத் தரையில் இறக்கி வைத்துவிட்டே வண்டியை நிறுத்துங்கள்.